கைராசிக்காரரின் படகு கவிழ்ந்த வகை

உங்கள் படிவம் நல்ல தாளில் அச்சிடப்பட்டிருக்கிறது. முதலில் அதைப் பாராட்டிவிடுகிறேன். 'படகு கவிழ்ந்ததற்கான காரணம்' என்ற கேள்விக்கு ஒன்றரை வரியும், 'மோட்டார் தானாகச் சுழன்றதற்கான காரணம்' என்ற கேள்விக்கு ஒரு வரியும், கையொப்பத்துக்கு மூன்று வரியும் இடம் விட்டிருக்கிறீர்கள். என் கையொப்பம் சிறியது. ஆகவே விடைகளைத் தனித்தாள்களில் எழுதி இணைத்திருக்கிறேன்.

படகு மன்ற விசாரணைக் குழுவின் தற்காலிக முடிவையும் படித்தேன். படகை அமைத்தவரின் கவனக்குறைவால் அது கவிழ்ந்தது. ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவர் பெட்டிக்குள் நீர் புகுந்ததால் மோட்டார் தானாகச் சுழன்றது. அதனால் பல் மருத்துவரின் வலக்கையில் மூன்று விரல்கள் துண்டாயின. இவ்வளவுதான் உங்கள் முடிவு. மூன்று விரல்கள் என்பது சரி. மற்ற இரண்டும் பிழை.

படகை அமைத்தவன் நான். பெட்டியை அடைத்தவனும் நான். பல் மருத்துவர் என் மனைவியின் தம்பி. தராசுகளையும் அளவுகோல்களையும் சரிபார்த்துச் சான்று வழங்குவது என் தொழில். இருபத்திரண்டு ஆண்டுகளில் 'கவனக்குறைவு' என்ற சொல் என் அருகில் வந்து நின்றதில்லை. இப்போது அச்சிலேயே வந்து நிற்கிறது. விரல்களில் இரண்டை ஒட்டியிருக்கிறார்கள். அவர் மீண்டும் கருவி பிடிப்பாரா என்பது ஆறு வாரத்தில் தெரியுமாம். அதற்காக ஊரே வருந்துகிறது. என் பங்குக்கு நான் இந்தச் சொல்லைப் பற்றி வருந்துகிறேன்.

குழுவின் நடுநிலைமை குறித்து எனக்கு ஐயம் இல்லை. தலைவருக்கு மேல்வரிசை முழுவதும், செயலாளருக்குக் கடைவாயில் இரண்டு, மூன்றாம் உறுப்பினராகிய கண்ணாடிக் கடைக்காரருக்கு முன்பல் ஒன்று, எல்லாம் என் மைத்துனர் கட்டியவை. இதைப் படித்து நீங்கள் பல்லைக் கடிக்க நேர்ந்தால், அதுவும் அவருடைய பல்லாகவே இருக்கும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். தலைவர் ஏழு பருவங்களாக ஞாயிறுதோறும் ஏரிக்கு வந்தும், தேநீர்க் குடுவையின் பக்கமே நாற்காலியைப் போட்டுக்கொள்பவர் என்பதால், சற்று அடிப்படையிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் கரையில் நின்று ரிமோட்டால் ஓட்டுவது டனல் படகு. எண்பது சென்டிமீட்டர் நீளம். இரு பக்கமும் ஒல்லியான இரண்டு மிதவைகள். நடுவில், கவிழ்த்து வைத்த வாய்க்கால் போல ஒரு குடைவு. வேகம் கூடும்போது அந்தக் குடைவுக்குள் காற்று நுழைந்து படகைத் தூக்குகிறது. நீரின் உராய்வு குறைந்து, படகு பாதி பறக்கிறது. பறப்பது நல்லது, முழுவதும் பறப்பதுதான் கெட்டது. மூக்கு ஓர் அளவுக்கு மேல் நிமிர்ந்துவிட்டால் காற்று அடியில் புகுந்து, படகை அப்படியே பின்பக்கமாகப் புரட்டிப் போட்டுவிடும். கண் இமைக்கும் நேரம்தான்.

அது நேராமல் தடுப்பது ஒரே ஒரு பெரிய வித்தை அன்று. சலிப்பூட்டும் பல சிறிய வேலைகள். எடையின் நடுப்புள்ளி பின்விளிம்பிலிருந்து இருபத்துநான்கு சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். அதற்காக பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, படகை இரண்டு விரல் நுனியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். மோட்டாரின் தண்டு மிதவையின் அடிப்பரப்புக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு பாகை மேல்நோக்கினாலும் மூக்கு வானத்தைப் பார்க்கும். மிதவைகளின் அடிவிளிம்பு கத்தி போல் இருக்க வேண்டும். புரொப்பெல்லர் படகின் பின்புறத்தைச் சற்றே தூக்குகிற வகையாக இருக்க வேண்டும். பின்புறம் தூக்கினால் மூக்கு தாழும். இவற்றையெல்லாம் ஒரு கண்ணாடிப் பலகைமேல் வைத்து அளந்து, குறித்து, ஏரியில் ஓட்டிப் பார்த்து, மறுபடி அளக்க வேண்டும்.

அந்தக் கண்ணாடிப் பலகை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின்மேல் இருக்கும். சனிக்கிழமை மாலைகளில் மைத்துனர் வந்து எதிரே உட்கார்ந்து, நான் அளப்பதை வேடிக்கை பார்ப்பார்.

"இந்த வீட்ல சாப்பிட மேசைன்னு ஒண்ணு இருந்துச்சு. யாராவது பாத்தீங்களா?" என்று என் மனைவி தட்டுகளோடு வந்து நிற்பாள்.

"அக்கா, ஆட்டிடாத. அத்தான் மூச்ச அடக்கிட்டு நிக்கறாரு பாரு. ஒரு மில்லி நகந்துச்சுன்னா அப்புறம் ஒரு வாரத்துக்கு வீட்ல துக்கம்."

"உனக்கென்னடா, நீ ஓட்டி ஜெயிச்சுட்டுப் போயிடுவ. இவரு முகத்த நான்ல பாக்கணும்."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மைத்துனர் இனிமையான மனிதர். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எதிர்ப்பக்கம் வாதிட நான் வரவில்லை. பல் பிடுங்கும்போது கூட நோயாளியைச் சிரிக்க வைப்பார். அவர் கை பட்டால் வலி தெரியாது என்று மூன்று தெரு தள்ளியிருந்து வருவார்கள். கைராசிக்காரர் என்று பெயர். பல்லோடு நின்றிருந்தால் எனக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை.

ஏழு பருவங்கள் அவருடைய படகு ஒரு முறைகூடக் கவிழவில்லை. மற்றவர்களுடைய படகுகள் ஞாயிறுக்கு இரண்டு வீதம் மல்லாந்துகொண்டிருந்தன. இதற்குக் காரணம் என்ன என்று எவரேனும் ஆராய்ந்திருந்தால், என் குறிப்பேடு நாற்பது பக்கங்களில் விடை வைத்திருந்தது. உங்கள் மன்றத்தில் ஆராய்ச்சி வேறு வழியில் நடந்தது. டாக்டருக்குக் கைராசி, படகுக்கும் அதுவே. முடிந்தது.

நகலகக்காரரின் படகை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வாரம் தொடர்ந்து கவிழ்ந்து, அவர் மனம் நொந்து என்னிடம் கொண்டுவந்தார். ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து விளிம்புகளைத் தீட்டி, மோட்டாரை இறக்கி, பேட்டரியை நகர்த்திக் கொடுத்தேன். மறுநாள் ஏரிக்கரையில் அவர் அந்தப் படகைக் குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு என்னைத் தாண்டி மைத்துனரிடம் போனார்.

"டாக்டர், சும்மா ஒரு தடவ கை வெச்சுக் குடுங்க. மனசுக்கு ஒரு தைரியம்."

"என் கையில என்னங்க இருக்கு? அத்தானே பாத்துட்டாரு, இனிமே கவுறாது," என்றார் மைத்துனர். வாயால் மறுத்துக்கொண்டே கையால் தொட்டார்.

படகு கவிழவில்லை. அடுத்த ஞாயிறு வரிசை நின்றது. நான் அமைத்துக் கொடுத்த ஆறு படகுகளும் அந்த வரிசையில் இருந்தன. செயலாளர் ஐந்தாவதாக நின்றார். மருந்துக் கடை வைத்திருப்பவர், அறிவியலில் பட்டம் பெற்றவர். வேண்டுமானால் தேதியும் தருகிறேன்.

மைத்துனர் என்னைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசினார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். "எல்லாம் அத்தான் செட்டிங்" என்று கேட்பவரிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்டவர்கள் அவருடைய அடக்கத்தை வியந்தார்கள். என் வேலை அவருடைய புகழுக்கு இன்னொரு மெருகாயிற்று. இப்படி நாலாபக்கமும் நல்ல பெயர் ஒட்டிக்கொள்ளும் மனிதரிடம் கோபித்துக்கொள்வது எளிதன்று. நான் உழைத்துத்தான் அதைச் செய்ய வேண்டியிருந்தது.

பரிசளிப்பு நாளில் செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்துக் கைராசியைப் பற்றிப் பதினொரு நிமிடம் பேசினார். பிறகு எனக்கும் ஒரு சான்றிதழ் தந்தீர்கள். 'படகு தூக்கி உதவியமைக்காக' என்று அதில் இருந்தது. பேட்டரியோடு சேர்த்துப் படகின் எடை இரண்டு கிலோ நானூறு கிராம். தூக்கியிருக்கிறேன், மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"விடுங்க. எழுதினவங்களுக்கு என்ன தெரியும்?"

"எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்காங்க. அதுவே பெரிசு," என்றேன்.

நான் பழிவாங்கும் இயல்புடையவன் அல்லன். எனக்கு ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் மட்டுமே உண்டு. ஒரு தராசு சரியாக இருக்கிறதா என்று அறிய, தெரிந்த எடையை வைத்துப் பார்ப்போம். அதுபோல, படகைக் கவிழாமல் காப்பது அமைப்பா, ராசியா என்று அறிய ஒரே ஒரு வழி உண்டு. ராசியை அப்படியே வைத்துக்கொண்டு அமைப்பை மட்டும் எடுத்துவிட வேண்டும். கவிழாவிட்டால் நான் நாற்பது பக்கக் குறிப்பேட்டைக் கிழித்துப் போட்டு, ஏழாவது ஆளாக வரிசையில் நின்றுவிடுவேன். இதைவிட நேர்மையான ஏற்பாடு இருக்க முடியாது.

சனிக்கிழமை மாலை, மைத்துனர் எதிரே அமர்ந்திருக்கும்போதே செய்தேன். பேட்டரியை முப்பத்திரண்டு மில்லிமீட்டர் பின்னே தள்ளினேன். அது படகின் எடையில் நான்கில் ஒரு பங்கு. ஆகவே நடுப்புள்ளி எட்டு மில்லிமீட்டர் பின்வாங்கியது. மோட்டாருக்கடியில் இரண்டு வாஷர்கள் சேர்த்துத் தண்டை ஒன்றரைப் பாகை நிமிர்த்தினேன். புரொப்பெல்லரை மாற்றி, மூக்கைத் தூக்குகிற வகையைப் பூட்டினேன். அதன் விளிம்புகளையும் புதிதாகத் தீட்டினேன். விளிம்பைத் தீட்டுவது கவிழ்வதற்குத் தேவையில்லை. தீட்டாத புரொப்பெல்லரைப் பூட்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவே.

"என்ன அத்தான், புதுசா ஏதோ மாத்தறீங்க?" என்றார் மைத்துனர்.

"நாளைக்குக் காத்து இருக்கும்னாங்க. அதுக்குத் தகுந்த மாதிரி."

"நீங்க பாத்தா சரிதான்."

இதைத்தான் நீங்கள் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாற்றங்கள், மூன்றும் அளவோடு, மூன்றும் தேதியிட்டுக் குறிப்பேட்டில் உள்ளன. இவ்வளவு கவனமாக நான் எந்தப் படகையும் அமைத்ததில்லை. எந்த இடத்தில் கவிழும் என்றுகூட எழுதி வைத்தேன்: இரண்டாவது சுற்று, தூரத்து எல்லைக்குறி மிதவையைச் சுற்றியபின், எதிர்க்காற்றில் நேரோட்டத்தின் நடுப்பகுதி.

அங்கேதான் கவிழ்ந்தது. மூக்கு நிமிர்ந்தது, ஒரு கணம் மோட்டாரின் மேல் நின்றது, பிறகு மல்லாந்து விழுந்து வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவான சோதனை முடிவை நான் பெற்றதில்லை. யாராவது ஒருவர் திரும்பி என்னைப் பார்த்து, 'அமைப்பில் என்ன மாற்றினீர்கள்?' என்று கேட்பார் என நின்றேன். கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். கதை அதோடு முடிந்திருக்கும்.

"டாக்டருக்கே கவுந்துச்சுன்னா, காத்து எப்பேர்ப்பட்ட காத்தா இருக்கணும்," என்றார் தலைவர், நாற்காலியிலிருந்து.

"டாக்டர் கையில இருந்ததால இத்தோட போச்சு. வேற ஆளா இருந்தா படகு ரெண்டா பொளந்திருக்கும்," என்றார் நகலகக்காரர்.

எல்லாரும் தலையாட்டினார்கள். ஏழு பருவம் கவிழாததற்கு ராசி, கவிழ்ந்ததற்குக் காற்று, கவிழ்ந்தும் உடையாததற்கு மறுபடி ராசி. கணக்கில் எனக்கு இடமே இல்லை. மைத்துனரோ என்னிடம் வந்து தோளைத் தொட்டு, "என் தப்பு அத்தான். காத்துல த்ராட்டில விடாம பிடிச்சுட்டேன். உங்க செட்டிங்குக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டேன்," என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பிச் சொன்னார். அதுதான் பொறுக்கவில்லை. நான் ஒரு வாரம் திட்டமிட்டுச் செய்ததைக்கூட அவர் தம் பேரில் எழுதிக்கொண்டார்.

இனி இரண்டாவது கேள்வி.

கவிழ்ந்த படகை அதன் ஓட்டுநரே துடுப்புப் படகில் சென்று எடுத்துவர வேண்டும் என்பது மன்றத்தின் விதி. மற்றவர் எடுத்து மூடியை உடைத்துவிட்டதாக ஒரு முறை பெரிய சண்டை வந்ததால், பதினோராம் விதியாக அதை எழுதிச் சேர்த்தோம். எழுதியவன் நான். விதியின் பின்பகுதி: ரிமோட்டை அணைக்கக் கூடாது, சமிக்ஞை நின்றால் சில மோட்டார்கள் தறிகெட்டு ஓடும். ஆகவே, படகை அமைத்தவர் ரிமோட்டை வாங்கிக்கொண்டு, விசையிலிருந்து விரலை எடுத்து, ஓட்டுநர் மின் இணைப்பைப் பிடுங்கிக் கைகாட்டும்வரை அப்படியே நிற்க வேண்டும். அந்த இணைப்பு படகின் மேல்மூடியில் இருக்கிறது. மல்லாந்த படகில் அது நீருக்கடியில் போய்விடும். வால்பக்கத்தைப் பிடித்துப் புரட்டாமல் அதைத் தொட முடியாது. வால்பக்கத்தில்தான் புரொப்பெல்லர் இருக்கிறது. விதி எழுதும்போதே இவ்வளவும் யோசித்துத்தான் எழுதினேன்.

"இதப் பிடிங்க அத்தான். உங்க கையில இருந்தா எனக்கு நிம்மதி," என்று ரிமோட்டைத் தந்துவிட்டு அவர் துடுப்புப் படகில் ஏறினார்.

இப்போது நீர் புகுந்த விஷயம். ரிசீவர் பெட்டியின் மூடியை நான் சிலிக்கான் பூசி, நாடா ஒட்டி, ஓர் இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்துச் சோதித்துத்தான் பூட்டுவேன். உள்ளே ஒரு துண்டு நீலத்தாள் வைப்பேன். ஈரம் பட்டால் இளஞ்சிவப்பாகிவிடும். அன்று எல்லாரும் மருத்துவமனைக்கு ஓடியபின் நான் படகைத் துடைத்து, பெட்டியைத் திறந்து பார்த்தேன். தாள் நீலமாகவே இருந்தது. இதனுடன் உறையிலிட்டு இணைத்திருக்கிறேன். ஒரு துளி நீரும் புகவில்லை. உங்கள் முடிவிலுள்ள இந்த வரியை அடித்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் அடைப்பு கசிந்ததே இல்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"ரிமோட் உங்க கையிலதான இருந்துச்சு?"

"ஆமா."

"விரல் தவறிப் பட்டுடுச்சா?"

நான் விடை சொல்வதற்குள் அவளே தலையை அசைத்தாள். "இல்ல. உங்களுக்குத் தவறாது. இத்தனை வருஷத்துல உங்களுக்கு எதுவும் தவறினதில்ல."

திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் என் வேலையைப் பற்றி அவள் சொன்ன முதல் பாராட்டு அது. நன்றி சொல்ல நினைத்தேன். அதற்குள் எழுந்து தம்பியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அங்கேயே இருக்கிறாள். அவளுக்கு ஓய்வு தேவை. மைத்துனர் மட்டும் மயக்கம் தெளிந்ததும் எல்லாரிடமும் சொன்னாராம்: அத்தானை யாரும் ஒன்றும் கேட்காதீர்கள், பெட்டிக்குள் தண்ணீர் போனதற்கு அவர் என்ன செய்வார் என்று. உங்கள் முடிவின் மூலம் எது என்பது எனக்குத் தெரிகிறது. இந்தக் காருண்யத்தையும் நான் ஏற்பதற்கில்லை.

ஆகவே இரண்டாவது கேள்விக்கு என் விடை: மோட்டார் தானாகச் சுழலவில்லை. விசையை அழுத்தியவன் நான். அதன் முழு நகர்வு ஒன்பது மில்லிமீட்டர். நான் நான்கரை அழுத்தினேன். பாதி போதும் என்று தோன்றியது. அவரைக் கொல்லும் எண்ணமோ, வாழ்நாள் முழுவதும் வருத்தும் எண்ணமோ எனக்கு இல்லை. கைராசி என்பதில் எனக்கு எள்ளளவும் நம்பிக்கை கிடையாது; அதை ஒரு பொருட்டாக நான் கருதியதே இல்லை.

நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். படகின் மூக்கு எவ்வளவு நிமிர்கிறது என்று பார்ப்பதற்காக எப்போதும் கழுத்தில் மாட்டியிருக்கும் தொலைநோக்கியை அப்போது இடக்கையில் பிடித்துக்கொண்டேன், ரிமோட் வலக்கையில். அவர் துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு விளிம்பில் குனிந்தார். முதலில் இடக்கையை நீட்டி வால்பக்கத்தைப் பிடித்தார். புரொப்பெல்லருக்கும் அந்தக் கைக்கும் இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை. அப்போதே அழுத்தியிருக்கலாம், விபத்து என்று சொல்ல அதுவே வசதியான கணம். அவர் பிடி வழுக்கி, கையை எடுத்து, உதறி, மறுபடி அதே கையை நீட்டினார். அப்போதும் அழுத்தவில்லை. வலக்கை வரும்வரை காத்திருந்தேன்.